பழைய லாரியும் பழைய கடனும்

பழைய லாரி வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது பெயிண்டை. அடுத்தது டயரை. பிறகு கேபினில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பி, ஹாரனை ஒரு முறை அடித்துவிட்டு, "வண்டி நல்லாத்தான் இருக்கு" என்று இறங்கிவிடுவார்கள். பிரேக்கைப் பற்றிக் கேட்பவர் அபூர்வம். இந்த வண்டியை இவர் ஏன் விற்கிறார் என்று கேட்பவர் அதைவிட அபூர்வம்.

நவி மும்பையை ஒட்டிய களம்போலியில் 26 வருடங்களாக லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறேன். இரும்புச் சந்தையும் லாரிகள் நிற்கும் மைதானங்களும் சேர்ந்த ஊர் அது. மும்பை-புணே விரைவுச் சாலை அங்கிருந்துதான் தொடங்குகிறது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டிலிருந்து சரக்கு ஏற்றி வரும் வண்டிகளுக்குத் திரும்புகால் லோடு பிடித்துத் தருவது என் பிழைப்பு. நான் மெக்கானிக் அல்ல. சொந்தமாக ஒரு லாரிகூட வைத்துக்கொண்டதில்லை. ஆனால் எந்த வண்டிக்கு எத்தனை வாடகை பாக்கி, எந்த முதலாளி டீசலுக்கு முன்பணம் கேட்கிறார், யாருக்கு எந்தத் தேதியில் தவணை என்பதெல்லாம் என் நோட்டுப் புத்தகத்துக்குத் தெரியும். அதனாலேயே, இந்தப் பக்கம் பழைய வண்டி வாங்க வருகிற ஊர்க்காரர்கள், "ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்கண்ணா" என்று கூப்பிடுகிறார்கள்.

இத்தனை வருடம் போய்ப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். பழைய லாரியோடு சேர்ந்து அதன் பழைய முதலாளியின் கைநெருக்கடியும் விலைக்கு வருகிறது. எஞ்சினில், ஸ்பிரிங்கில், பிரேக் டிரம்மில் எல்லாம் அது எழுதியிருக்கும். படிக்கத் தெரிந்தால் போதும்.

லாரி விற்பனைக்கு வரக் காரணங்கள் அதிகம் இல்லை. பெரிய கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டுப் புது வண்டிக்கு மாறும். அப்படி வருகிற வண்டிகளில் சர்வீஸ் ரசீதுகள் இருக்கும். பையன்கள் வேறு வேலைக்குப் போய்விட்டதால் தொழிலை மூடுகிறவர்கள் உண்டு. சில நேரம் சட்டமே விற்கச் சொல்லும். 12 வயதைத் தாண்டிய இரண்டு அச்சு லாரிக்கும் 15 வயதைத் தாண்டிய பல அச்சு லாரிக்கும் நேஷனல் பர்மிட் கிடையாது. தில்லி வட்டாரத்தில் 10 வயதைத் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு எதிராக தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் உத்தரவிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஆமோதித்தது. அதற்குப் பிறகு எட்டு, ஒன்பது வயதான வடக்கத்தி வண்டிகள் தெற்கே இறங்குவதை நானே பார்த்தேன்.

மிச்சமுள்ள காரணம், தவணை கட்ட முடியாமல் போவது. இதில்தான் ஜாக்கிரதை தேவை. 2011 ஜூலையில் பெல்லாரியில் இரும்புத் தாது வெட்டுவதை உச்ச நீதிமன்றம் நிறுத்தியபோது ஹொசபேட்டை, சண்டூர்ப் பக்கம் லாரிகள் வரிசை வரிசையாக வேலையில்லாமல் நின்றன. அடுத்த வருடம் கோவாவிலும் அதே கதை. அவற்றில் பல, மலிவு விலையில் கை மாறின. வருடம் புதிது, விலை குறைவு, ஓடிய கிலோமீட்டரும் குறைவு. ஆனால் இரும்புத் தாது கனமான சரக்கு. தொட்டியில் கொஞ்சம்போல் கிடந்தாலே லோடு முழுசாகிவிடும். தொட்டி நிறையப் போட்டால் எடை எங்கேயோ போய்விடும். அப்படி ஓடிய ஒரு லாரியின் நான்கு வருடமும், பார்சல் சர்வீசில் ஓடிய லாரியின் நான்கு வருடமும் ஒன்றாகுமா?

ஆகவே கிலோமீட்டரைக் கேட்பதற்கு முன்னால் சரக்கைக் கேட்க வேண்டும். உப்பு ஏற்றிய வண்டியிலும் மீன் ஏற்றிய வண்டியிலும் தண்ணீர் சொட்டிச் சொட்டி சேஸிஸ் அரித்திருக்கும். ஆற்று மணல் அடித்த வண்டிக்கு ஈரமும் பாரமும் இரண்டு சாபம். எங்கள் ஊர்ச் சரக்கான இரும்புச் சுருள், மொத்தக் கனத்தையும் ஒரே இடத்தில் வைத்து அழுத்தும். பார்சல் வண்டிக்குப் பாரம் குறைவு, ஓட்டம் அதிகம். எஞ்சின் தேய்ந்திருக்கும், எலும்பு நன்றாக இருக்கும். எஞ்சினைப் பிரித்துக் கட்டிவிடலாம். வளைந்த சேஸிஸைப் பழையபடி ஆக்குவது சாமானியமல்ல.

"டாடாவா, லேலண்டா?" என்ற கேள்வி வராமல் இருக்காது. 1954-இல் ஜெம்ஷெட்பூரில் டாடா கம்பெனி ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸ் கூட்டோடு லாரி செய்ய ஆரம்பித்த காலத்திலிருந்து நடக்கும் பட்டிமன்றம் இது. லேலண்டின் டாரஸ் என்ற மாடல் பெயர், தமிழ்நாட்டில் எந்தக் கம்பெனியின் பல அச்சு லாரிக்கும் பொதுப் பெயராகவே ஆகிவிட்டது. என் பதில் எப்போதும் ஒன்றுதான். உன் ஊர் மெக்கானிக்குக் கை பழகியது எதுவோ, நீ ஓட்டப்போகும் சாலையில் எதற்கு ஸ்பேர் கிடைக்குமோ, அது.

2023 மார்ச்சில் திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு டிரைவர் வந்தார். வயது நாற்பதுக்குள். 14 வருடம் அடுத்தவர் வண்டி ஓட்டியவர். களம்போலியில் இரண்டு பத்து வீல் லாரிகள் விலைக்கு இருப்பதாகப் புரோக்கர் சொல்லி, ரயிலேறி வந்துவிட்டார். கையில் 5 லட்சம். அதில் பாதி மனைவியின் நகை. மீதி விலைக்கு பைனான்ஸ் பேசியிருந்தார். "இந்த வயசுலயும் ஓனரு ஆகலீன்னா அப்புறம் எப்பங்கண்ணா?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வண்டியைப் பார்க்கப் போனோம்.

முதல் வண்டி 2017 மாடல். விலை 14 லட்சம். புதுப் பெயிண்ட், புது சீட் கவர், முன்புறம் இரண்டும் புது டயர். நாங்கள் போனபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இது எனக்குப் பிடிக்காத மரியாதை. டீசல் எஞ்சினை ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போதுதான் அது உண்மையைப் பேசும். எத்தனை முறை செல்ஃப் அடித்தால் எடுக்கிறது, முதல் புகை என்ன நிறம், அது எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று பார்க்க வேண்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் கறுப்பு அடங்காவிட்டால் டீசல் சரியாக எரியவில்லை, பம்ப்போ நாசிலோ காற்று வழியோ கோளாறு. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், ரேடியேட்டர் தண்ணீர் எஞ்சினுக்குள் போகிறதா என்று சந்தேகப்பட வேண்டும்.

எஞ்சினை அணைத்து ஆறவிடச் சொல்லிவிட்டு, மறுநாள் விடிகாலை மறுபடியும் போனோம். நான்காவது செல்ஃபில்தான் எடுத்தது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளியது. மெக்கானிக்குகள் இதை 'பேக் கம்ப்ரஷன்' என்பார்கள்; உள்ளே பிஸ்டன், ரிங், லைனர் தேய்ந்ததற்கு அடையாளம். ஆயில் மட்டும் புத்தம் புதிது, கூழ் மாதிரி கெட்டி. புகையை இரண்டு நாள் அடக்கி வைக்கிற வைத்தியம்.

பிறகு கீழே படுத்தோம். லாரி வாங்குகிறவன் சட்டையில் மண் ஒட்டாமல் வீடு திரும்பினால் அவன் வண்டியைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். சேஸிஸுக்குப் புதுசாகக் கறுப்பு அடித்திருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்தது. பின்புற ஸ்பிரிங் மாட்டும் இடத்துக்கு முன்னால் ஒரு வெல்டிங் மேடு, அதன்மேல் வைத்துப் பற்றவைத்த தகடு. ஸ்பிரிங்கில் கம்பெனி கொடுத்ததைவிடக் கூடுதலாக இரண்டு பட்டைகள். பாரம் அதிகம் ஏற்றாதவன் அதிகப் பட்டை போடுவானேன்? பின்புற ஜோடி டயர்களில் வெளியே இருந்தவை சுமார். உள்ளே இருந்தவை வழுக்கை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். பட்டன் இருந்தாலும் வயதான ரப்பர் வெடிக்கும் என்பதால் அதையும் பார்ப்பது வழக்கம். உள் டயர் ஒன்று வண்டியைவிடப் பழையது.

அந்த முதலாளியை நான் குறை சொல்ல மாட்டேன். எல்லா அடையாளமும் ஒரே கதையைச் சொன்னது. தவணை நெருக்கியிருக்கிறது. அதைக் கட்ட பாரம் கூடியிருக்கிறது. பாரம் கூடியதால் சேஸிஸ் விரிசல் விட்டிருக்கிறது. விரிசலுக்கு வைத்தியம் பார்க்கக் காசு இல்லாமல் தகடு வந்திருக்கிறது. கடைசியாகப் பெயிண்ட்.

இரண்டாவது வண்டியும் 2017-தான். விலை 12 லட்சத்து 50 ஆயிரம். பார்க்க லட்சணமில்லை. கேபின் தரையில் துரு, கதவில் நசுங்கல், டயர்களில் மூன்று மாற்ற வேண்டியவை. நான்கு வருடமாக அதை ஓட்டிய டிரைவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். முதலாளி போன் பேச அந்தப் பக்கம் போனபோது இந்தியில் கேட்டேன்: "இதில் என்ன குறை?" அவர் விரல் விட்டு எண்ணினார். கிளட்ச் ஏற்றத்தில் வழுக்குகிறது. பின் ஹப் ஒன்றில் ஆயில் கசிவு. கிங் பின் ஒரு பக்கம் ஆட்டம். மழையில் கேபின் ஒழுகும்.

முதல் வண்டியின் டிரைவரிடமும் இதே கேள்வியைக் கேட்டிருந்தேன். "ஒன்றும் இல்லை" என்றார். அவர் அந்த வண்டிக்கு வந்து 20 நாள்தான் ஆகியிருந்தது. ஆறு வயது லாரிக்குக் குறையே இல்லை என்று யாராவது சொன்னால், ஒன்று அவருக்கு வண்டி தெரியாது, இல்லை உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று உத்தரவு. குறைகளின் பட்டியல் வைத்திருக்கும் டிரைவர் அமைந்த வண்டி, பாதி சோதித்து முடித்த வண்டி.

அதற்குப் பிறகு பிரேக். நம்பகமான லாரி என்றால் வழியில் நிற்காமல் ஓடுவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஓடாமல் நின்ற லாரி பணத்தைத்தான் தின்னும். நிற்காமல் ஓடிய லாரி ஆளைத் தின்னும். சோதிப்பது கஷ்டமில்லை. காற்று முழுக்க ஏறும்வரை எஞ்சினை ஓடவிட்டு, அணைத்துவிட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு மீட்டர் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் இறங்கிக்கொண்டே போனால் எங்கோ காற்று கசிகிறது. இன்னொருவர் வண்டியைச் சுற்றி வந்து காதைக் கொடுத்தால் எங்கே என்று தெரிந்துவிடும். காற்று டேங்கின் அடித் திருகைத் திறந்தால் கொஞ்சம் தண்ணீர் வரலாம். கறுப்பாக ஆயில் வந்தால் கம்ப்ரசர் தேய்ந்திருக்கிறது. ஒரு சக்கரத்தைக் கழற்றி டிரம்மைப் பார்க்கச் சம்மதிக்காதவரிடம் வாங்கக்கூடாது. டிரம்முக்குள் சூட்டில் வெடித்த கீறல்கள் இருந்தால், மலைச் சரிவுகளில் கியரை நம்பாமல் பிரேக்கையே மிதித்து இறங்கிய வண்டி அது.

தருமபுரிக்குத் தெற்கே தொப்பூர்க் கணவாயில் இறங்கிய தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவார்கள். எஞ்சின் பிடித்து நிறுத்த வேண்டிய பாரம் முழுவதும் பிரேக் லைனர் மேல் விழும். சூடேறிய லைனர் பிடிக்காது. எஞ்சினையே அணைத்துவிட்டால் காற்று ஏறுவதும் நின்றுபோகும், பவர் ஸ்டியரிங்கும் கல்லாகும். புணேயில் காத்ரஜ் புதிய சுரங்கப்பாதையிலிருந்து நவலே பாலம் வரை நீண்ட இறக்கம். 2022 நவம்பரில் அந்தச் சரிவில் ஒரு கனரக வண்டி வரிசையாகப் பல வாகனங்களை இடித்துத் தள்ளியது. இந்தச் செய்திகளில் எல்லாம் 'பிரேக் பிடிக்கவில்லை' என்று ஒரு வரி வரும். அந்த வரிக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கணக்கு இருக்கும்: சில லிட்டர் டீசல், தள்ளிப்போட்ட லைனர், நெருங்கிய தவணைத் தேதி.

இரண்டாவது வண்டியின் முள் அசையாமல் நின்றது. டேங்கிலிருந்து சொட்டுத் தண்ணீர் மட்டும் வந்தது. தினமும் திறந்து விடுகிறவர் கைபட்ட திருகு என்பது அது சுற்றிய விதத்திலேயே தெரிந்தது.

இந்தக் காலத்து வண்டிகளுக்கு என் காதும் மூக்கும் மட்டும் போதாது. நாடு முழுவதும் 2017 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4, 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 என்று மாசு விதிகள் இறுகியபோது எஞ்சினுக்குள் சென்சார்கள் நிறைந்துவிட்டன. யூரியாக் கரைசல் டேங்க் உள்ள வண்டிகளில் அதை ஏமாற்ற ஏதாவது கருவி மாட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கரைசல் சரியில்லையென்றால் பாரத் ஸ்டேஜ் 6 வண்டி தானாகவே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். ஏற்றத்தில் நீங்கள் வாடகையை மறந்துவிட வேண்டியதுதான். கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கிற சர்வீஸ் பட்டறைக்கு எடுத்துச் சென்று, சேமித்து வைத்திருக்கும் கோளாறுக் குறியீடுகளைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். விலையோடு ஒப்பிட்டால் அது அற்பச் செலவு.

காகிதங்களை நான் வண்டிக்குச் சமமாகப் பார்ப்பேன். சேஸிஸில் அடித்த எண்ணும் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எண்ணைச் சுற்றி அரம் ராவிய தடமோ வெல்டிங்கோ இருந்தால் பேச்சே வேண்டாம். ஆர்.சி.யில் மொத்த எடை எவ்வளவு என்று பாருங்கள். 2018 ஜூலையில் மத்திய அரசு மூன்று அச்சு லாரியின் வரம்பை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தியது. புரோக்கர் வாயால் சொல்கிற எடைக்கு செக்போஸ்டில் மதிப்பில்லை. பைனான்ஸ் கடன் ஆர்.சி.யில் நீக்கப்பட்டிருக்கிறதா, எஃப்.சி., பர்மிட், இன்சூரன்ஸ், வரி எதுவரை, அபராதம் பாக்கி உண்டா என்பதை எம்-பரிவாகன் செயலியிலும் ஒரு முறை சரிபார்க்க வேண்டும். வேறு மாநில வண்டி என்றால் அந்த ஆர்.டி.ஓ.வின் ஆட்சேபனையின்மைச் சான்று இல்லாமல் பணம் கொடுக்கக்கூடாது. விற்பவருக்கும் ஒரு வார்த்தை. ஆர்.சி.யில் பெயர் மாறும்வரை விபத்துக்குப் பொறுப்பு பதிவில் இருப்பவரே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இவ்வளவும் பார்த்த பிறகு, டிரைவருக்கு மனம் எதில் நின்றது தெரியுமா? முதல் வண்டியில்தான். "பெயிண்ட் புதுசு, ஊருக்குக் கொண்டுபோனா நாலு பேரு பாப்பாங்கண்ணா" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. 14 வருடம் அடுத்தவர் வண்டியைக் கழுவியவர், தன் வண்டி பளபளவென்று ஊருக்குள் நுழைய வேண்டும் என்று நினைப்பதில் என்ன தப்பு?

அன்று ராத்திரி அவர் மனைவி போனில் பேசினார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. விலையைக் கேட்கவில்லை, பெயிண்டைக் கேட்கவில்லை. "வாங்குனதுக்கப்புறம் கையில எவ்வளவுங்க மிஞ்சும்?" என்றார்.

26 வருடத்தில் லாரி வாங்குவதைப் பற்றி நான் கேட்ட மிகச் சரியான கேள்வி அது. பைனான்ஸ்காரர் அதிகம் தரத் தயாராக இருந்தால், முழுக்க வாங்கிப் பெரிய வண்டியாகப் பிடிக்கத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். பழைய லாரி முதல் ஆறு மாதத்தில் உங்களைச் சோதிக்கும். அப்போது கையில் காசு இல்லாத முதலாளி டயரைத் தள்ளிப்போடுவார், லைனரைத் தள்ளிப்போடுவார், ஒரு டன் கூடுதலாக ஏற்றுவார். நல்ல வண்டி, நல்ல டிரைவர், ஆனாலும் இரண்டு வருடத்தில் அது முதல் வண்டி மாதிரியே ஆகிவிடும். நாங்கள் படுத்துப் பார்த்த அந்தச் சேஸிஸும் ஒரு காலத்தில் யாரோ ஆசைப்பட்டு வாங்கியதுதானே?

மறுநாள் பேரம். இரண்டாவது வண்டி, குறைகளின் பட்டியலை வைத்துப் பேசி 11 லட்சத்து 70 ஆயிரத்துக்கு முடிந்தது. கையில் இருந்த 5 லட்சத்தில் ஒரு லட்சத்து 40 ஆயிரத்தைத் தொடாமல் வைத்தார். கிளட்ச், கிங் பின், மூன்று டயருக்கு அதில் பாதி போனது. கேபினுக்குப் பெயிண்ட் அடிக்கவில்லை. மனைவியின் பெயரை மட்டும் நெற்றியில் எழுதிக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து, பெங்களூரிலிருந்து புணே வழியாகக் களம்போலிக்கு லோடோடு வந்துகொண்டிருந்தார். சாத்தாராவுக்கு முன்னால் காற்று மீட்டர் வழக்கத்தைவிட மெதுவாக ஏறுவதைக் கவனித்திருக்கிறார். டேங்கைத் திறந்தால் ஆயில். ஓரங்கட்டிவிட்டு எனக்குப் போன் செய்தார். கம்ப்ரசர் மாற்ற இரண்டு நாள் ஆனது. சரக்குக்காரர் தாமதத்துக்கு வாடகையில் பிடித்துக்கொண்டார். மூன்றாம் நாள் என் ஆபீசுக்கு வந்து டீ குடித்தபோது அவர் முகத்தில் அந்த நஷ்டம் தெரியவில்லை. வேறு ஏதோ தெரிந்தது.

"அன்னிக்கு மறுநாள் டியூ தேதிங்கண்ணா. அந்தப் பணம் தனியா இல்லீன்னா, காத்து ஏறுதே, மெல்லமாப் போயிரலாம்னு நவலே இறக்கத்துல இறங்கியிருப்பேனுங்க" என்றார்.

பிறகு கம்ப்ரசர் பில்லை எடுத்து மடித்து, ஆர்.சி. வைத்திருந்த பிளாஸ்டிக் கவருக்குள்ளேயே பத்திரமாக வைத்துக்கொண்டார். அதில் ஏற்கெனவே கிளட்ச் பில்லும் டயர் பில்களும் இருந்தன.